10 − 3 + 2 எவ்வளவு? கூட்டலுக்கு முன்னுரிமை உண்டா?

பூண்டுலோயாவிலிருந்து ஒரு வாசகர், 2025 பெப்ரவரி 8

டீச்சர், மகள் தரம் 7. 10 − 3 + 2 என்ற கணக்குக்கு 5 என்று விடை எழுதியிருக்கிறாள். போட்மாஸில் (அடைப்பு, ‘இன்’, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று செய்கை வரிசையை நினைவு வைக்கும் ஆறு ஆங்கில எழுத்து) கூட்டலுக்கான ‘ஏ’ முன்னால் நிற்கிறது, கழித்தலுக்கான ‘எஸ்’ கடைசியில் நிற்கிறது, அதனால் 3 + 2ஐத்தான் முதலில் செய்ய வேண்டும் என்கிறாள். டியூஷனிலும் 5 சரி என்றார்களாம். என் ஃபோனில் அடித்தால் 9 வருகிறது. யாரை நம்புவது?

பெப்ரவரி 8, மாலை

விடை 9. பத்திலிருந்து மூன்று போனால் ஏழு, அதோடு இரண்டு சேர்ந்தால் ஒன்பது. கூட்டலும் கழித்தலும் ஒரே படியில் நிற்பவை. இடப்பக்கத்திலிருந்து வரும்போது எது முதலில் கிடைக்கிறதோ அதை முதலில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மகளைத் திட்டாதீர்கள். அவளுக்கு என்ன சொல்லித்தந்தார்களோ அதைத்தான் செய்திருக்கிறாள். ஆறு எழுத்தைப் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ண வைத்துவிட்டு, நடுவில் உள்ள இரண்டும் ஒரு சோடி, கடைசி இரண்டும் ஒரு சோடி என்பதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை வேறென்ன செய்யும்? படிகள் ஆறு இல்லை, நான்கு. முதலில் அடைப்புக்குள் இருப்பது. அடுத்தது வலுவும் (3² போல) ‘இன்’ கணக்கும் (6 இன் ½ போல). அப்புறம் வகுத்தலும் பெருக்கலும் சேர்ந்து ஒரு படி. கடைசியில் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒரு படி. ஒரே படிக்குள் இடமிருந்து வலம்.

பெப்ரவரி 8, இரவு

இதை எழுதிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். இதே பிள்ளை வகுத்தலை எப்போதும் பெருக்கலுக்கு முன்னால் செய்துகொண்டு வந்தால் வருடக்கணக்கில் பிழையே வராது. செய்து பாருங்கள்.

24 ÷ 4 × 2. வகுத்தல் முதலில்: 6 × 2 = 12. சரி.
5 × 12 ÷ 4. வகுத்தல் முதலில்: 5 × 3 = 15. இடமிருந்து வந்தாலும் 60 ÷ 4 = 15.

பெருக்கலுக்குப் பின்னால் நிற்கும் வகுத்தலை முந்திச் செய்வதால் விடை மாறுவதில்லை. கழித்தலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டலை முந்திச் செய்தால் மாறிவிடும். 10 − 3 + 2 இல் 3ஐயும் 2ஐயும் சேர்த்த உடனே, உள்ளே வர வேண்டிய இரண்டையும் நாம் வெளியே அனுப்பிவிடுகிறோம்.

ஆக அந்த ஆறு எழுத்தில் முதல் சோடியை எழுத்துப்படி பிடித்துக்கொண்டு போனால் கேடில்லை. இரண்டாவது சோடியை அப்படிப் பிடித்தால் கேடு. கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறியிருந்தால், கழித்தலை முதலில் செய்கிற பிள்ளைக்கும் ஒவ்வொரு தடவையும் விடை சரியாகவே வந்திருக்கும். ‘என் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கெல்லாம் சரி, சாதாரணக் கூட்டல் கழித்தலில்தான் கோட்டை விடுகிறது’ என்று தாய்மார் வந்து சொல்வார்கள். அது கவனக்குறைவு இல்லை. சொல்லித்தந்த முறையிலேயே அந்தப் பிழை இருக்கிறது.

பெப்ரவரி 9

போட்மாஸ் விதியையே மாற்றுகிறேனா என்று கேட்ட பண்டாரவளை வாசகருக்கு: விதியை நான் மாற்றவில்லை. போட்மாஸ் சொல்ல வருவதும் இந்த நான்கு படிதான். அமெரிக்காவில் பெம்டாஸ் என்கிறார்கள், அதில் பெருக்கலின் எழுத்து வகுத்தலுக்கு முன்னால் நிற்கிறது. அங்குள்ள பிள்ளைகள் அதை எழுத்துப்படி எடுத்து 24 ÷ 4 × 2க்கு 3 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு ஊரிலும் கணிதம் ஒன்றுதான், சரியான விடை இரண்டிலும் 12தான். எழுத்துச் சரத்தைப் பொறுத்துப் பிள்ளைகள் விழுகிற இடம் மட்டும் மாறுகிறது.

பெப்ரவரி 11

‘பெருக்கலுக்கு ஏன் இந்த மரியாதை, யார் கொடுத்தது?’ என்று ஹட்டனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்துத்தான் பதில் எழுத வேண்டும்.

யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை. குறிகளே ஒன்றாக வந்தவை அல்ல. கூட்டல் கழித்தல் குறிகள் 1489இல் யொகான்னஸ் விட்மனின் நூலில் அச்சாயின. சமன் குறியை 1557இல் ராபர்ட் ரெகோர்ட் கொண்டுவந்தார். × என்ற குறி 1631இல் வில்லியம் ஓட்ரெட்டிடமிருந்து வந்தது. ÷ வகுத்தலுக்காக 1659இல் யொகான் ரானின் நூலில் வந்தது. முதல் குறிக்கும் கடைசிக் குறிக்கும் இடையில் 170 வருடம். இவற்றை ஒரே வரியில் கலந்து எழுதத் தொடங்கிய பிறகுதான் எதை முதலில் செய்வது என்ற கேள்வியே பிறந்திருக்கும். அட்சரகணிதம் எழுதியவர்களின் பழக்கத்தில் ஊறி ஊறி வந்த உடன்பாடு இது.

ஆனால் ஏன் இந்தப் பக்கம் உடன்பட்டார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. ஹட்டன் கடைவீதியில் எந்தக் கடைக்கும் போங்கள். மூன்று கிலோ ஒன்று, கிலோ 120. இரண்டு பாக்கெட் இன்னொன்று, 85. 3 × 120 + 2 × 85. விலையை அளவால் பெருக்கி, அப்புறம் எல்லாவற்றையும் கூட்டுகிறோம். 360 + 170 = 530. மனிதர்கள் அன்றாடம் போடுகிற கணக்கில் பெரும்பகுதிக்கு இந்த வடிவம்தான். கூட்டலுக்கு முன்னுரிமை என்று வைத்திருந்தால் ஒவ்வொரு பில்லிலும் ஒவ்வொரு வரிக்கும் அடைப்பு போட வேண்டி வந்திருக்கும். அடிக்கடி வருவதற்கு அடைப்பு வேண்டாம், அபூர்வமாக வருவதற்கு அடைப்பு போடு என்று எழுதுபவரின் கையை மிச்சம் பிடித்த ஏற்பாடு இது.

அந்த அபூர்வமானது எது என்று சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது நினைவிருக்கும். அதில் அடிப்படை 900, வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவு 100. இருபத்தைந்து நாள் வேலை செய்தவருக்கு:

25 × (900 + 100) = 25,000
25 × 900 + 100 = 22,600

இரண்டு வரிக்கும் இடையில் இருப்பது ஓர் அடைப்பு. அதன் விலை 2,400 ரூபாய். அந்த நூறு ஒவ்வொரு நாளுக்கும் உரியதா, மாதத்துக்கு ஒரு தடவையா என்பதை அந்த அடைப்புதான் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அடைப்பைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. வகுப்பில் இதைப் பலகையில் எழுதினால் பின்வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து பார்ப்பான், ஏனென்றால் அவன் வீட்டுச் சம்பளத் துண்டு அது.

பெப்ரவரி 11, பிற்பாடு

சம்பளத்தைச் சொன்னதும் அம்மாவின் கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை: காலை, பகல், அந்தி. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கு என்று கழிப்பார்கள். 9, 11, 8 என்று நிறுத்திருந்தால், ஒரு கிலோ வீதம் கழித்து:

(9 − 1) + (11 − 1) + (8 − 1) = 25

அம்மா இப்படிப் போட மாட்டார். ‘மொத்தம் இருபத்தெட்டு, மூணு நிறுவைக்கு மூணு போச்சு, இருபத்தஞ்சு’ என்பார். அதாவது 28 − 3 × 1. பெருக்கலைக் கழித்தலுக்கு முன்னால் செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இருபத்தெட்டில் மூன்றைக் கழித்து அப்புறம் ஒன்றால் பெருக்கினாலும் இங்கே அதே 25 வந்துவிடும், சரி. ஆனால் மழைநாளில் தண்ணீருக்கும் சேர்த்து நிறுவைக்கு மூன்று கிலோ கழித்த ஒரு தோட்டம் இருந்தது. அப்போது 28 − 3 × 3 = 19. கழித்தலை முதலில் செய்தால் 75 கிலோ வரும், அந்த எண்ணைச் சொன்னால் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களமே சிரிக்கும். தன் முதுகில் கூடை சுமந்தவருக்கு எதை முதலில் செய்வது என்று பொருளே காட்டிக்கொடுக்கிறது.

இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். நாளுக்கு 18 கிலோ எடுக்க வேண்டும், அதற்கு மேல் எடுக்கும் கிலோவுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 2021இல் வந்த அந்த 1000 என்றே இருக்கட்டும்.

ஒரு கிலோ வீதம் கழித்தால்: 1000 + (28 − 3 × 1 − 18) × 40 = 1000 + 7 × 40 = 1,280
மூன்று கிலோ வீதம் கழித்தால்: 1000 + (28 − 3 × 3 − 18) × 40 = 1000 + 1 × 40 = 1,040

ஒரே கொழுந்து, ஒரே நாள், 240 ரூபாய் வித்தியாசம். அடைப்பு, பெருக்கல், கழித்தல், கூட்டல் நான்கும் இந்த ஒரு வரியில் இருக்கின்றன. இதை வரிசையாகச் செய்யத் தெரிந்த பிள்ளை தன் தாயின் சம்பளத் துண்டைச் சரிபார்க்க முடியும். இந்தப் பாடத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பெப்ரவரி 12

பதுளையிலிருந்து ஒரு தம்பி: ‘கல்யாண வீட்டில் மொய் எழுதும்போதும் அடைப்பு போட வேண்டுமா டீச்சர்?’

வேண்டாம் தம்பி. மொய்ப் புத்தகத்தில் கூட்டல் மட்டும்தான். மாமா முதலில் வந்தாலும் சித்தப்பா முதலில் வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒரே ஒரு கழித்தல் உள்ளே வந்தால்தான் பிரச்சினை, மொய்யில் யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போவதில்லையே.

பெப்ரவரி 13

கல்குலேட்டர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ‘கடைக் கல்குலேட்டரில் 2 + 3 × 4 அடித்தால் 20 வருகிறது, ஃபோனில் 14 வருகிறது, எது பழுது?’

எதுவும் பழுதில்லை. கடைகளில் இருக்கும் சாதாரணக் கல்குலேட்டர் நீங்கள் அடுத்த குறியை அழுத்திய உடனே அதுவரை உள்ளதைக் கணித்து முடித்துவிடும். × அழுத்தும்போதே 2 + 3 என்பது 5 ஆகிவிட்டது, அப்புறம் 5 × 4. முழு வரியையும் அது பார்ப்பதில்லை. ஃபோனில் இருப்பது வரியை முழுதாக வாங்கிக்கொண்டு வரிசைப்படி செய்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இரண்டையுமே பார்க்கலாம்: சாதாரண முறையில் 20, விஞ்ஞான முறையில் 14. ஒரே மென்பொருள், ஒரே கேள்வி.

எனவே கடைக் கல்குலேட்டரில் 3 × 120 + 2 × 85 என்று நேராக அடித்தால் 30,770 வரும். (360 + 2) × 85. அனுபவமுள்ள முதலாளிகள் அப்படி அடிப்பதில்லை. 3 × 120 அடித்து, விடையை நினைவில் சேர்க்கும் எம் கூட்டல் பொத்தான், 2 × 85 அடித்து மறுபடியும் எம் கூட்டல், கடைசியில் நினைவை அழைத்தால் 530. அந்தப் பொத்தான் செய்வது அடைப்பின் வேலைதான்.

கந்தப்பளையில் மரக்கறி லொறிக்கு ஏற்றுகிற ஓர் அண்ணன் தன் கணக்கை அனுப்பியிருந்தார். 12 மூடை கரட், மூடைக்கு 50 கிலோ, சாக்குக்கும் மண்ணுக்கும் மூடைக்கு ஒரு கிலோ கழிவு. அவர் அடிப்பது 50 − 1 × 12. கடைக் கல்குலேட்டரில் 588 வருகிறது, அவருக்கு வேண்டியதும் அதுதான். மகன் அதையே ஃபோனில் அடித்தால் 38 வருகிறது. அண்ணன், உங்கள் கணக்கு சரி. அதை எழுத்தில் எழுதும்போது 12 × (50 − 1) என்று எழுதுங்கள், எந்த இயந்திரத்தில் யார் அடித்தாலும் 588தான் வரும்.

ஓ.எல் (க.பொ.த. சாதாரண தரம்) கணிதத் தாளுக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

பெப்ரவரி 16

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. 8 ÷ 2(2 + 2). 2019இல் உலகம் முழுக்கச் சண்டை போட்ட கணக்கு. ஒரு பக்கம் 16, இன்னொரு பக்கம் 1. நம்மிடத்திலும் நேற்றிரவு பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது, இப்போதுதான் படித்து முடித்தேன்.

16 என்பவர்கள் சொல்வது: அடைப்பு 4, மீதி 8 ÷ 2 × 4, இடமிருந்து வலம், 4 × 4 = 16. நான்கு படியை அப்படியே பின்பற்றினால் இதுதான் வரும்.

1 என்பவர்கள் சொல்வது: 2க்கும் அடைப்புக்கும் இடையில் குறி இல்லை, ஒட்டி எழுதியிருப்பதால் 2(2 + 2) ஒரே பொருள், அதை முதலில் முடிக்க வேண்டும், 8 ÷ 8 = 1. இவர்களை விதி தெரியாதவர்கள் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது நியாயமில்லை. இயற்பியல் ஆய்வுகள் வரும் பிசிக்கல் ரிவியூ இதழ்களின் எழுத்து விதியிலேயே, சாய்கோட்டால் காட்டும் வகுத்தலுக்கு முன்னால் பெருக்கல் என்று இருக்கிறது. கல்குலேட்டர் செய்பவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-82 ஒட்டி எழுதிய பெருக்கலை முந்திச் செய்தது, அதற்கு அடுத்து வந்த டிஐ-83 அப்படிச் செய்யவில்லை. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த மாதிரி, இரண்டு விடை.

கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃப்ளோரியன் கஜோரி, ஒரே கோவையில் (கணக்கு வரியில்) ÷ குறியும் × குறியும் வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் உடன்பாடு இல்லை என்று 1928இலேயே பதிவு செய்திருக்கிறார். ÷ குறியையே வகுத்தலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஐஎஸ்ஓ 80000-2 என்ற சர்வதேசத் தரநிலை.

என் நிலைப்பாடு: பள்ளிக்கூடத்தில் 8 ÷ 2 × (2 + 2) என்று குறியோடு கொடுத்தால் 16, அதில் பேச்சில்லை. 8 ÷ 2(2 + 2) என்று கொடுத்தால் குற்றம் கேள்வி எழுதியவருடையது. (8 ÷ 2)(2 + 2) என்றோ 8 ÷ (2(2 + 2)) என்றோ எழுத அவருக்கு ஒரு சோடி அடைப்பு போதும். இப்படி இரண்டு பொருள் படும்படி எழுதிவிட்டுப் பிள்ளையின் புள்ளியை வெட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

பெப்ரவரி 17

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினோமே, அப்போது நடந்த குளறுபடியும் இதே வகைதான். தாளில் 12 + 18 மேலே, நீளமாக ஒரு கோடு, கீழே 6. அந்தக் கோடு வகுத்தல் குறி மட்டும் இல்லை, மேலே உள்ளதற்கு அதுவே அடைப்பு. விடை 30 ÷ 6 = 5. அதையே ஃபோனில் ஒரே வரியாக 12 + 18/6 என்று தட்டி அனுப்பினால் விடை 15. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிப் போய்க் கணக்கை வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு வேறொரு கணக்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. வர்க்கமூலக் குறியின் மேல்கோடும் இப்படித்தான். ஒரு வரியில் தட்டச்சு செய்கிறவர்கள் தயவுசெய்து (12 + 18)/6 என்று எழுதுங்கள்.

பெப்ரவரி 20

மஸ்கெலியாவில் படிப்பிக்கும் ஒரு சேர், ‘இன்’ கணக்கை நான் ஒரு சொல்லில் கடந்துவிட்டேன் என்கிறார். பின்னங்களில் மேல் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான் என்றும் சொல்கிறார். உண்மை.

12 ÷ 6 இன் ½. இங்கே ‘6 இன் ½’ முதலில்: 3. அப்புறம் 12 ÷ 3 = 4.
12 ÷ 6 × ½. இங்கே இடமிருந்து வலம்: 2 × ½ = 1.

‘இன்’ என்றால் பெருக்கல்தானே என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை இரண்டையும் ஒன்றாகச் செய்து மேலே உள்ளதிலும் 1 என்று எழுதும். மதிப்பு காண்பதற்குப் பெருக்கல்தான், சரி. ஆனால் ‘6 இன் ½’ என்பது ஒரே அளவைக் குறிக்கிறது, அடைப்புக்குள் இருப்பது போலவே அதை முதலில் எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பிள்ளையையே பென்சிலால் அதைச் சுற்றி அடைப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்ய வைக்கிறேன்.

பெப்ரவரி 23

‘எப்போதும் இடமிருந்து வலம் போனால் போதும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது. வலுவின் மேல் வலு ஏறினால் மேலிருந்து கீழே வர வேண்டும். 2இன் மேல் 3, அந்த 3இன் மேல் 2: முதலில் 3² = 9, பிறகு 2⁹ = 512. கீழிருந்து போனால் 8² = 64 என்று வந்துவிடும். எக்செல்லில் 2^3^2 என்று தட்டினால் அது 64தான் தரும், இடமிருந்து வலம் போகிறது.

எக்செல்லில் இன்னொன்று: −2² என்பதற்கு நம் கணிதத்தில் விடை −4. வலு முதலில், கழித்தல் குறி பிறகு. எக்செல்லில் =-2^2 என்று தட்டினால் 4. அது முன்னால் நிற்கும் குறியை எண்ணோடு ஒட்டிக்கொண்டு வர்க்கிக்கிறது. பைதான் மொழியில் −4. தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் எக்செல் செய்கிற பிள்ளைகள் இரண்டு பாடத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். (−2)² = 4, −(2²) = −4 என்று அடைப்போடு எழுதப் பழக்கினால் எங்கேயும் தப்பாது.

இப்படி அடைப்பே தேவைப்படாத வழியும் உண்டு. போலந்தைச் சேர்ந்த யான் வுகாசியெவிச் 1924 வாக்கில் குறியை முன்னால் வைத்து எழுதும் முறையைக் கண்டுபிடித்தார். அதைத் திருப்பி, குறியைப் பின்னால் வைத்து 1972இல் வந்த எச்பி-35 கல்குலேட்டர் இயங்கியது. 2 + 3 × 4 என்பதற்கு 2, 3, 4, ×, + என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். எது முதலில் என்ற கேள்வியே அங்கே எழாது. ஓ.எல்லுக்கு வேண்டியதில்லை, ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால் காட்டிப் பாருங்கள், கண் விரியும்.

மார்ச் 1

பூண்டுலோயா மகளின் கணக்குக்குத் திரும்பி வருகிறேன். முதல் நாள் நான்கு படி என்று எழுதினேன். அது சரிதான், ஆனால் ஒரு மனப்பாடத்தை எடுத்துவிட்டு இன்னொரு மனப்பாடத்தைக் கொடுத்த மாதிரி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வகுப்பில் நான் செய்வது வேறு.

கோவையைப் பார்த்ததும் கணிக்க விடுவதில்லை. முதலில் உறுப்புகளாகப் பிரிக்கச் சொல்கிறேன். அடைப்புக்கு வெளியே உள்ள கூட்டல் கழித்தல் குறிகள்தான் எல்லை. ஒவ்வொரு உறுப்பையும் அதன் முன்னால் நிற்கும் குறியோடு சேர்த்து ஒரு கட்டம் போட வேண்டும். 20 − 3 × 4 + 6 ÷ 2 என்றால் மூன்று கட்டம்: 20, − 3 × 4, + 6 ÷ 2. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல் வகுத்தலை முடித்தால் 20, − 12, + 3. இப்போது மூன்றையும் சேர்த்தால் 11.

இப்படிச் செய்தால் பெருக்கல் முதலில் என்று தனியாக நினைவு வைக்க வேண்டியதே இல்லை, கட்டம் போட்டதிலேயே அது நடந்துவிடுகிறது. 10 − 3 + 2 இலும் கட்டங்கள் 10, − 3, + 2. குறி அதனதன் எண்ணோடு ஒட்டியிருக்கிறது. இனிமேல் எந்த வரிசையில் சேர்த்தாலும் 9தான்: 10 + 2 − 3, அல்லது − 3 + 10 + 2, எப்படி வேண்டுமானாலும். கூட்டல் முதலா கழித்தல் முதலா என்ற கேள்விக்கே இடமில்லை. மகள் 3 + 2 என்று சேர்த்தபோது உண்மையில் 3க்கு முன்னால் இருந்த கழித்தல் குறியைப் பிடுங்கி இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிட்டாள். கட்டம் போட்டிருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

தரம் 8இல் அட்சரகணிதம் பிடிபடாமல் நிற்கும் பிள்ளைகளுக்கும் இது உதவுகிறது. உறுப்பு என்றால் என்ன என்பது அங்கே புதிதாக இருக்காது.

மார்ச் 2

ராகலை வாசகர் கேட்டதற்கு: ஆம், அடைப்பு இருந்தால் அது முழுவதும் ஒரே கட்டத்துக்குள். அடைப்புக்குள்ளே போனால் அங்கே மறுபடியும் கட்டங்கள்.

மார்ச் 9

பூண்டுலோயா வாசகர் மகளின் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பெயர் வெட்டித்தான் அனுப்பினார், நன்றி. கணக்கு 48 − 6 × (5 + 2) ÷ 3 + 4. அவள் எழுதியது:

5 + 2 = 7 × 6 = 42 ÷ 3 = 14 = 48 − 14 = 34 + 4 = 38

விடை 38 சரி! கூட்டலை முந்திச் செய்திருந்தால் 30 வந்திருக்கும், அந்தப் பழக்கம் போய்விட்டது. ஆனால் எழுதிய விதத்தைத் திருத்த வேண்டும். 5 + 2 என்பது 7 × 6க்குச் சமனில்லை. சமன் குறியின் இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். சமநீளமான இரண்டு இணைகோட்டைவிடச் சமனானது வேறில்லை என்றுதான் ரெகோர்ட் அவற்றைத் தேர்ந்தெடுத்தார். பரீட்சையில் படிகளுக்கும் புள்ளி உண்டு, அதை ஏன் இழக்க வேண்டும்?

ஒரு வரிக்கு ஒரு செய்கை, மீதியை அப்படியே கீழே இறக்கி எழுதச் சொல்லுங்கள்:

48 − 6 × (5 + 2) ÷ 3 + 4
= 48 − 6 × 7 ÷ 3 + 4
= 48 − 42 ÷ 3 + 4
= 48 − 14 + 4
= 34 + 4
= 38

கட்டங்கள் மூன்று: 48, − 6 × (5 + 2) ÷ 3, + 4. இதைப் போட்ட பிறகு 60 − 4 × (9 − 3 + 1) + 18 ÷ 2 × 3 கொடுத்துப் பாருங்கள். அடைப்புக்குள் 7 வர வேண்டும், 5 வந்தால் மார்ச் 1 குறிப்பை மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். முழு விடை 59.